கூடுதல் ஓட்டு ஒருவருக்கு, நாற்காலி இன்னொருவருக்கு

கேள்வி: 1966-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில கவர்னர் தேர்தலில் அதிக ஓட்டு வாங்கியவருக்குப் பதவி கிடைக்கவில்லையாமே, நிஜமா? (வாசகர், தென்காசி)

பதில்: நிஜம்தான். அங்கே கவர்னர் என்றால் டெல்லியிலிருந்து அனுப்பி வைக்கிற ஆள் மாதிரி கிடையாது, கிட்டத்தட்ட நம் முதல்வர் வேலை, மக்கள்தான் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். அந்த வருடம் குடியரசுக் கட்சியின் போ காலவே 4,53,665 ஓட்டு, ஜனநாயகக் கட்சியின் லெஸ்டர் மேடாக்ஸ் 4,50,626. நம் ஊராக இருந்தால் அன்றைக்கே காலவே கழுத்தில் மாலை விழுந்திருக்கும். ஆனால் ஜார்ஜியா சட்டப்படி பாதிக்கு மேல் வாங்கியாக வேண்டும். இரண்டு பேரையும் பிடிக்காத 50,000-க்கும் மேற்பட்டவர்கள், ஓட்டுச்சீட்டில் இல்லாத முன்னாள் கவர்னர் எல்லிஸ் ஆர்னாலின் பெயரைக் கைப்பட எழுதிப் போட்டுவிட்டார்கள், அதனால் யாருமே பாதியைத் தொடவில்லை. அப்படியானால் முதல் இரண்டு பேரில் ஒருவரைச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கலாம் என்பது மாநில அரசியல் சட்டத்தில் கிடந்த பழைய விதி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 5-க்கு 4 என்ற கணக்கில் விதி செல்லும் என்று தீர்ப்பானது. சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான் நிரம்பி வழிந்தார்கள். 1967 ஜனவரி 10 அன்று மேடாக்ஸுக்கு 182, காலவேக்கு 66. முடிந்தது கதை.

கேள்வி: அந்த மேடாக்ஸை ஒரு பெரிய கட்சி எப்படி வேட்பாளர் ஆக்கியது? (அதே வாசகர்)

பதில்: அட்லாண்டாவில் பிக்ரிக் என்று கோழி வறுவலுக்குப் பேர்போன ஓட்டல் நடத்தியவர். 1964-ல் ஓட்டல் போன்ற பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம் வந்ததும் சாப்பிட வந்த கறுப்பின இளைஞர்களைக் கைத்துப்பாக்கியோடு விரட்டினார், கூட நின்றவர்கள் கையில் பிக்காசுப் பிடி. அந்தப் பிடிகளை நினைவுப் பொருளாக விற்றும் காசு பார்த்த மனிதர்! கடைசியில் கறுப்பினத்தவருக்குப் பரிமாறுவதைவிட மேல் என்று கடையையே மூடினார்.

கட்சித் தலைமை கூப்பிட்டு சீட் கொடுக்கவில்லை. கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி என்ற முன்தேர்தலில் ஆர்னால் முதலிடம், இவர் இரண்டாமிடம், பாதி யாருக்கும் இல்லை என்று இரண்டாம் சுற்று, அதில் இவர் ஜெயித்துவிட்டார். ஜார்ஜியாவில் கட்சி உறுப்பினர் என்று பதிவு செய்துகொள்ளும் வழக்கம் இல்லை, யாரும் எந்தப் பிரைமரியிலும் போடலாம். காலவேக்குத் தன் கட்சியில் பிரைமரியே இல்லை, 1876-க்குப் பிறகு அவர்கள் கவர்னர் வேட்பாளரே நிறுத்தாததால் கையெழுத்து வேட்டை நடத்தித்தான் ஓட்டுச்சீட்டில் பெயர் சேர்க்க வேண்டியிருந்தது. ஆக காலவேயின் ஆட்கள் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் போய்ப் போட முடிந்தது. 'மேடாக்ஸ் வந்தால் சுலபமாக அடிக்கலாம்' என்று கணக்குப் போட்டு அவர்களில் பலர் மேடாக்ஸுக்கே குத்தியதாக அப்போதே பேச்சு. அப்படிச் செய்திருந்தால் நன்றாக அனுபவித்தார்கள், வேறென்ன சொல்ல.

கேள்வி: பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரும் அதில் நின்றாரா? (வாசகி, காரைக்குடி)

பதில்: நின்றார், அதே பிரைமரியில் மூன்றாமிடம், இரண்டாம் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 1970-ல் மறுபடி நின்று கவர்னரானார். தொடர்ந்து இரண்டாம் முறை கவர்னராக அப்போதைய சட்டம் இடம் கொடுக்காததால் மேடாக்ஸ் அந்த வருடம் துணை கவர்னர் பதவிக்கு நின்று ஜெயித்தார். அந்தப் பதவிக்குத் தனி ஓட்டு என்பதால் இரண்டு பேரும் நாலு வருடம் ஒரே ஆட்சியில் முட்டிக்கொண்டே இருந்தார்கள்.