நம்ம வீட்டு நாய்க்கும் பூனைக்கும் நாம் யார் என்று எப்படித் தெரிகிறது? – கேள்வி பதில்

தக்கலைப் பக்கம் ஊர். கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. அதனால் மருந்துச் சீட்டு மட்டும் கேட்காதீர்கள், மற்றதெல்லாம் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில்.

தூத்தூரிலிருந்து: அண்ணாச்சி, எங்க அண்ணன் ஆழ்கடலுக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்து வந்தான். தாடி, தலையில் தொப்பி, உடம்பெல்லாம் டீசலும் சூரை வாடையும். அவன் வளர்த்த நாயே அவனைப் பார்த்துக் குரைத்தது. பக்கத்தில் போனதும் காலில் விழுந்து புரண்டது. முதலில் மறந்துதான் போச்சா?

மறக்கவில்லை தம்பி. தூரத்தில் அதற்குக் கிடைத்தது உருவம் மட்டும்தான், அந்த உருவம் மாறியிருந்தது. நாய்க்கு நம்மைப் போல நுணுக்கமாகப் பார்க்கிற கண் கிடையாது. தூரத்தில் வருகிறவரை உடம்பு வாகு, நடை, கை வீச்சு இதை வைத்துத்தான் கணக்குப் போடும். அதிலும் மாதக்கணக்கில் படகில் நின்றவன் கரையில் இறங்கினதும் கொஞ்ச நேரம் தள்ளாடித்தான் நடப்பான், நடையும் கைகொடுத்திருக்காது. பக்கத்தில் வந்ததும் மூக்கு வேலையை எடுத்துக்கொண்டது. வாசனை பிடிக்கிற செல்கள் நமக்கு 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். டீசலும் மீன் வாடையும் மேலே ஏறியிருந்தாலும், கருவாட்டுக் குழம்பில் பூண்டு தனியாகத் தெரிகிற மாதிரி, உங்கள் அண்ணனின் தோல் வாசனை அதற்குத் தனியாகத் தெரியும்.

அமெரிக்காவில் எமோரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ் குழு, நாய்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பழகின மனிதர், பழகாத மனிதர், பழகின நாய், பழகாத நாய், தன்னுடைய வாசனை என்று ஐந்தையும் முகரக் கொடுத்துப் பார்த்தது. மனித வாசனை எடுத்தது அக்குளிலிருந்து! நல்லது கிடைக்கப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதி, பழகின மனிதரின் வாசனைக்குத்தான் அதிகமாகக் கிளர்ந்தது. 2015இல் வெளியான ஆய்வு. சார்லஸ் டார்வினும் பீகிள் கப்பல் பயணம் முடித்து, 5 வருஷமும் 2 நாளும் கழித்து வீட்டுக்கு வந்து தன் நாயைக் கூப்பிட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் முன்னால் பிரிந்த மாதிரி அது பின்னாலேயே வந்ததாக எழுதியிருக்கிறார். மற்றவர்களிடம் சீறுகிற நாய் அது. ஒன்றரை மாதமெல்லாம் ஒரு கணக்கா?

ஆரல்வாய்மொழியிலிருந்து: சாதாரணமாக நான் தெரு முனையில் வரும்போதே ஓடி வரும் நாய், ஆடிக் காற்றில் மட்டும் கேட் வரை வந்தபிறகும் முழிக்கிறது.

கணவாய்க் காற்று பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காற்று உங்களிடமிருந்து நாயின் பக்கம் அடித்தால்தான் வாசனை போய்ச் சேரும். எதிர்ப் பக்கம் அடித்தால் வாசனையும் போகாது, பைக் சத்தமும் பாதி அமுங்கிவிடும். ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு குரல் கொடுங்கள், போதும்.

குலசேகரத்திலிருந்து: காலை நாலு மணிக்கு ரப்பர் பால்வெட்டப் போகும்போது தலையில் லைட் கட்டினால் சொந்த நாயே கடிக்க வருகிறது.

லைட் நேரே அதன் கண்ணில் அடிக்கிறது, பின்னால் இருக்கிற ஆள் தெரியவில்லை. லைட்டைப் போடும் முன்பே பேசுங்கள். ஆளையே பார்க்காமல் குரலை மட்டும் வைத்துச் சொந்தக்காரரை நாய் பிரித்தறியும் என்று புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2022இல் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் பேசாமல் போகிறதுதான் பிரச்சினை.

நாகர்கோவிலிலிருந்து: வீட்டில் அக்கா தங்கச்சிப் பூனைகள் இரண்டு. ஒன்றை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய் மறுநாள் கூட்டிவந்தால், மற்றது சீறி அடிக்கப் போகிறது. ஒரே வயிற்றில் பிறந்தவை சார்!

இது நிறையப் பேர் பயப்படுகிற விஷயம், ஆனால் வழக்கமாக நடப்பதுதான். பூனைக்குத் தன் கூட்டத்தாளுக்கு அடையாளம் முகம் கிடையாது, வாசனை. கன்னத்தையும் தலையையும் ஒன்றோடொன்று தேய்த்து, வீட்டுக்கென்று ஒரு பொது வாசனை பூசி வைத்திருக்கும். நம் காலில் உரசுவதும் பாதி அதற்குத்தான், நாமும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பூனைமேல் டெட்டால், மருந்து, வேறு பிராணிகளின் வாடை. வீட்டிலிருந்த பூனைக்கு அது முழுக்கப் புது ஆள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பூனையை ஒரு அறையில் தனியாக அடையுங்கள். இதன் படுக்கைத் துணியை அதற்கும் அதனுடையதை இதற்கும் மாற்றிப் போடுங்கள். கதவின் இரு பக்கமும் சோறு வைத்து, சீறல் நின்றபிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து விடுங்கள். குளிப்பாட்டிவிடாதீர்கள், தையலும் கெடும், இருக்கிற வாசனையும் போகும்.

அதே ஆள்: சரி, பூனைக்கு நம்மைத் தெரியுமா? கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே.

தெரியும். ஜப்பானில் 2013இல் வெளிவந்த ஆய்வில், பழக்கமில்லாதவர்கள் கூப்பிடும் குரலையும் வளர்ப்பவர் குரலையும் பதிவு செய்து பூனைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். வளர்ப்பவர் குரலுக்குக் காதும் தலையும் அதிகம் திரும்பின. ஆனால் எழுந்து வரவில்லை. அதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது திமிர் மாதிரிதான் தோன்றுகிறது.

அருமனையிலிருந்து: மாமா, எங்க அத்தை கறந்தால் பசு நிறையப் பால் தரும். அத்தை தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கும்போது நான் கறப்பதில் பாதிகூட வரவில்லை. வீட்டில் பேச்சு வாங்குகிறேன்.

உங்க மேல் தப்பு இல்லை மக்களே. பால் மடியில்தான் இருக்கிறது, பசு அதை எக்கிக்கொள்கிறது. கன்று முட்டினாலும், பழகின கை பட்டாலும் ஆக்சிடோசின் என்கிற ஹார்மோன் சுரந்து பால் இறங்கும். பழகாத ஆள் வந்தால் மிரட்சியில் அட்ரினலின் சுரந்து அதைத் தடுக்கும். அத்தை போவதற்குச் சில நாள் முன்பே பக்கத்தில் நில்லுங்கள், தீவனம் நீங்கள் வையுங்கள், அவர் கறக்கும்போது உடுத்துகிற பழைய சேலையை உடுத்திக்கொள்ளுங்கள், அவர் பேசுகிற மாதிரியே பேசுங்கள். நேரத்தை மாற்றாதீர்கள். அவசரத்துக்கு ஊசி போட்டுக் கறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

குளச்சலிலிருந்து: எங்க வீட்டில் இரட்டைப் பையன்கள். எனக்கே சில நேரம் குழப்பம், நாய்க்குக் குழப்பமே இல்லை!

ஒரே கருவில் பிறந்த இரட்டையரையும் வாசனையால் பிரித்துவிடும். செக் நாட்டுப் போலீஸ் நாய்களை வைத்து 2011இல் சோதித்திருக்கிறார்கள், ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிடுகிற இரட்டையரில்கூட அவை பிசகவில்லை.

இரணியலிலிருந்து: தினமும் சோறு வைக்கிற என்னை காக்காவுக்குத் தெரியுமா? வீட்டில் பச்சைக்கிளியும் இருக்கு, அதுக்கும் தெரியுமா?

காக்காவுக்கு முகமே தெரியும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஆய்வாளர்கள் ஒரு முகமூடி போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்து, பிறகு பறக்க விட்டார்கள், வருஷங்கள் கழித்தும் அந்த முகமூடியை யார் போட்டு நடந்தாலும் கத்தித் துரத்தின. கிளிக்கும் தெரியும்தான், ஆனால் நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறையில் ஒப்படைத்துவிடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: காணாமல் போன எங்கள் நாட்டு நாய் மாதிரியே ஒன்று அடுத்த ஊரில் ஒரு வீட்டில் நிற்கிறது. அவர்கள் தங்களுடையது என்கிறார்கள். எப்படி நிரூபிக்க?

நிறத்தை வைத்து வாதாடாதீர்கள், செவலை நாய் ஊருக்கு நூறு இருக்கும். மூக்கு நுனியில் இருக்கும் கோடுகள் ஒவ்வொரு நாய்க்கும் வேறு, நம் கைரேகை மாதிரி. அந்த மூக்கு தெளிவாகத் தெரிகிற பழைய படம் போனில் இருக்கிறதா பாருங்கள். தழும்பு, உடைந்த பல், தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் உதவும். மைக்ரோசிப் போட்டிருந்தால் 15 இலக்க எண்ணை வாசித்துச் சொல்லிவிடலாம், ஆனால் அது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது, கருவியைப் பக்கத்தில் வைத்தால்தான் படிக்கும்.

நாயை விட்டே சோதிப்பதென்றால் இரண்டு வீட்டுக்கும் சம்பந்தமில்லாத இடத்தில், மூன்றாம் ஆள் கயிற்றைப் பிடிக்க, இருவரும் கையில் ஒன்றுமில்லாமல் பேசாமல் நில்லுங்கள். பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டால் எந்த நாயும் யாரிடமும் போகும். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆறு மாதம் சோறு போட்டவரிடமும் அது வாலாட்டத்தான் செய்யும், அதனால் அது உங்களுடையது இல்லை என்றாகாது.

கொல்லங்கோட்டிலிருந்து: எங்க நாய்க்கு 13 வயது. இப்போது சில நேரம் என்னையே பார்த்து உறுமுகிறது.

வயதான நாய்க்கு முதலில் கண், காது மங்கும். சிலதுக்கு மறதி நோயும் வரும், மூலையில் போய் நின்று முழிக்கும், ராத்திரி காரணமில்லாமல் ஊளையிடும். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், முன்பக்கமாக வந்து கையை முகரக் கொடுங்கள், படுக்கையையும் தண்ணீர்ச் சட்டியையும் இடம் மாற்றாதீர்கள்.

ஆனால் எந்த வயது நாயானாலும், இரண்டு மூன்று நாளில் திடீரென்று குணம் மாறி, சொந்த ஆளையே கடிக்க வந்து, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் தவித்தால் அது மறதி என்று நினைத்துப் பக்கத்தில் போகக் கூடாது, வெறிநோயாக இருக்கலாம். ஆளை விலக்கி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல்லோ நகமோ பட்டிருந்தாலும், எச்சில் காயத்தில் பட்டிருந்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் பத்து, சுண்ணாம்பு ஒன்றும் வைக்காதீர்கள். உங்கள் நாய்க்கு இந்த வருஷத் தடுப்பூசி போட்டாச்சா என்று முதலில் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.