கேளுங்கள், சொல்கிறேன்: அடைத்த தொண்டையும் அன்பளிப்புக் காசும்

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் ஆரம்பப் பிரிவு படிப்பிக்கிறேன். இரண்டு மாதமாகத் தொண்டை அடைத்தபடியே இருக்கிறது, பின்னேரமானால் குரலே இல்லை. தேன், இஞ்சி, திப்பிலி எல்லாம் பார்த்தாயிற்று. "ரீச்சர்மாருக்கு இது வழமைதானே" என்கிறார்கள். (ஓர் ஆசிரியை)

பதில்: வழமைதான் பிள்ளை, அதற்காக விட்டுவிடலாம் என்றில்லை. ஒரு பெண் சாதாரணமாகக் கதைக்கும்போதே அவரின் குரல் நாண்கள் இரண்டும் விநாடிக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று அடித்துக்கொள்கின்றன. மேலே தகரம், நடுவில் அரைச்சுவர், அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு வாய்ப்பாடு கத்துகிறது, இதற்கு மேலால் நீங்கள் காலையிலிருந்து ஒன்றரை மணி வரை கதைக்க வேண்டும் என்றால் அந்த நாண்கள் என்ன செய்யும்? மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு வருகிற மாதிரி அவற்றிலும் காய்ப்பு வரும். அப்படிக் காய்ப்புத்தான் என்றால் பெரும்பாலும் கத்தி வைக்கத் தேவையில்லை, குரல் பயிற்சியிலேயே கரைந்துவிடும். ஆனால் காய்ப்புத்தானா வேறு ஏதுமா என்று உள்ளே பார்க்காமல் நானும் சொல்ல முடியாது, உங்கள் அதிபரும் சொல்ல முடியாது. நாலு கிழமைக்கு மேல் அடைத்த குரலை ஈஎன்டி கிளினிக்கில் காட்டத்தான் வேண்டும். கழுத்தில் கட்டி, எச்சிலில் இரத்தம், மூச்செடுக்கக் கஷ்டம் என்றால் அந்த நாலு கிழமையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பீடி, சுருட்டுப் பழக்கமுள்ள வீட்டு ஆண்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மூக்கால் மெல்லிய கமரா விட்டுப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை.

1854 இல் கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்துத் தன் குரல்வளை அசைவதைப் பார்த்துப் பதிவுசெய்த மனுவேல் கார்சியா வைத்தியர் இல்லை, பாட்டு வாத்தியார்! உங்கள் ஆட்கள்தான்.

கேள்வி: எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள், கனடாவில் இருப்பவர்கள், உலகக் குரல் தினத்துக்கு வன்னியில் ஏதாவது செய்யக் காசு சேர்த்திருக்கிறார்கள். ஒருநாள் இலவச முகாம் வைக்கலாமா? (சங்கச் செயலாளர், வவுனியா)

பதில்: வேண்டாம் தம்பி. பனர் கட்டி, பொன்னாடை போர்த்தி, நூறு பேரின் தொண்டையைப் பார்த்து, பத்துப் பேருக்குப் "பயிற்சி எடுங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுப்பீர்கள். அடுத்த நாள் அந்தப் பயிற்சியை யார் கொடுப்பது? பிரச்சினையே அங்கேதான்.

குரல் பயிற்சி கொடுப்பவர்கள் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள். அந்தப் படிப்புக்குக் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ இருந்து ஒரு பிள்ளை அதற்குத் தெரிவானால் அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாவற்றையும் நாலு வருஷமும் நீங்கள் பாருங்கள். மூச்சை எங்கே விடுவது, எந்த எழுத்தில் குரலைத் தொடங்குவது என்பதெல்லாம் வாயால் சொல்லிக் காட்டுகிற வைத்தியம், மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துச் செய்வது சிரமம், அதனால்தான் தமிழ்ப் பிள்ளை என்கிறேன். தமிழில் பயிற்சி ஒலிப்பதிவுகள் செய்யவும் கொஞ்சக் காசை ஒதுக்குங்கள்.

உடனே செய்ய வேண்டுமென்றால் ரீச்சர்மாருக்கு இடுப்பில் கட்டுகிற சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கிக் கொடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. 2002 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், குரல் கெட்டிருந்த ஆசிரியர்களில் சிலர் ஆறு கிழமை மைக் போட்டுப் படிப்பித்தார்கள், சிலருக்குத் தண்ணீர் குடி, கத்தாதே என்ற அறிவுரை மட்டும். மைக் போட்டவர்களுக்குக் குரல் தேறியது, மற்றவர்களிடம் சொல்லும்படியான மாற்றமில்லை. நாங்கள் இத்தனை வருஷமாக இலவசமாக வழங்கி வருவது அறிவுரையைத்தான்!

இதையே இங்கும் செய்து பார்க்கலாம். 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் பக்கத்திலேயே இருக்கிறது, போய்க் கதையுங்கள். வன்னி ஆசிரியர்களில் எத்தனை பேருக்குக் குரல் பிரச்சினை என்று ஒழுங்காக எண்ணிப் பார்க்க, ஒலிப்பதிவுக் கருவிக்கும் போக்குவரத்துக்கும் நீங்கள் உதவலாம். ஆய்வுக்கா காசு என்று கனடாவில் முகம் சுளிப்பார்கள்தான், ஆய்வுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க முடியாதே. 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை பலர் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்த்த கதையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், அதுவும் ஒருநாள் முகாமுக்கில்லை, நின்று நிலைக்கிற ஒன்றுக்குத்தான். குரல் தினமான ஏப்ரல் 16 ஐ விட்டால் அடுத்த ஏப்ரல் வரும், அவசரம் வேண்டாம்.

கேள்வி: அப்பா கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். புற்றுநோயால் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். இனிக் கதைக்கவே மாட்டாரா? (மகள், முள்ளியவளை)

பதில்: கதைக்கலாம் அம்மா, பழைய குரல்தான் வராது. கழுத்தில் பிடித்துக் கதைக்கிற கருவி இருக்கிறது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் வைக்கிற சின்ன வால்வும் இருக்கிறது, காற்றை விழுங்கி ஏப்பம் மாதிரி வெளியே விட்டுக் கதைக்கப் பழகுகிறவர்களும் உண்டு. எது அவருக்குச் சரிவரும் என்று சத்திரசிகிச்சை செய்த வைத்தியரிடமே கேளுங்கள். அதுவரை ஒரு கொப்பியும் பேனையும் கையில் இருக்கட்டும், தாளம் போடக் கை இருக்கிறதுதானே, பெடியள் பழக வந்தால் மறிக்காதீர்கள்.

அப்புறம், அவர் இப்போது மூச்செடுப்பது கழுத்துத் துவாரத்தால். குளத்தில் இறங்கிக் குளிக்க விடாதீர்கள். நெல் சூடடிக்கிற நாட்களில் தூசு போகாமல் அந்தத் துவாரத்தை மெல்லிய துணியால் மறைத்துவிடுங்கள். என்றைக்காவது மயங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், தெரியாதவர்கள் மூக்கில் ஒட்சிசன் பிடிப்பார்கள், கழுத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு மட்டையில் எழுதி அவரின் சட்டைப்பையிலும் வைத்துவிடுங்கள்.