ஹெட்டரும் கிளட்சும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் பழைய மஸல் கார்களைப் பராமரித்துவரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், எக்ஸாஸ்ட் ஹெட்டரையும் (ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனிக் குழாயில் வெளியேற்றுவது) கிளட்சையும் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிப்பது) மாற்றுவது பற்றியவை இம்முறை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். என்னிடம் 1969ஆம் ஆண்டு செவர்லே கமாரோ இருக்கிறது. 350 கன அங்குல வி-8 எஞ்சின், நான்கு கியர் மன்சி கியர்பாக்ஸ். எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒன்றாகத் திரட்டும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடுத்துவிட்டு நீளக் குழாய் ஹெட்டர் மாட்ட விரும்புகிறேன். நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கிளட்ச் வழுக்குகிறது. முதலில் ஹெட்டரை மட்டும் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார் நண்பர். அது சரியா?

பதில்: நண்பரின் யோசனையை ஏற்க வேண்டாம், இரண்டு வேலைகளையும் ஒன்றாகவே செய்யுங்கள். ஏற்கெனவே வழுக்கும் கிளட்சுக்கு முன்னால் ஹெட்டரை மாட்டினால், கூடுதலாகக் கிடைக்கும் முறுக்குவிசை சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் கிளட்ச் பிளேட்டைத் தேய்ப்பதிலேயே தீர்ந்துவிடும். இன்னொரு காரணம் இடநெருக்கடி. உங்கள் காரில் கிளட்ச் பெடலின் அசைவை, கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ரிலீஸ் ஃபோர்க்குக்குக் கொண்டுசெல்வது ஹைட்ராலிக் எண்ணெய் அல்ல. எஞ்சினின் இடப்பக்கத்துக்கும் சேஸிஸுக்கும் இடையில் குறுக்கே நிற்கும் இசட்-பார் என்ற இரும்புத் தண்டும் அதனோடு இணைந்த கம்பிகளும்தான். இடப்பக்க ஹெட்டரின் நான்கு குழாய்களும் அதே இடுக்கு வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். ஒன்றை மாட்டி முடித்த பிறகு மற்றொன்றைத் தொட்டால், முதலில் செய்த வேலையில் பாதியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன், பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பு தெரியும் முன் ஏறக்குறைய ஓர் அங்குலம் வெற்றசைவு இருக்க வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த வெற்றசைவு குறைந்துகொண்டே வரும். அது முற்றிலும் இல்லாமல் போனால் ஃபோர்க் தள்ளும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல கிளட்சும் வழுக்கும். அப்படியானால் கம்பியின் நீளத்தைச் சரிசெய்தாலே போதும். வெற்றசைவு சரியாக இருந்தும் வழுக்கினால், பிளேட் தேய்ந்திருக்கிறது அல்லது எஞ்சினின் பின் சீலிலிருந்து கசிந்த எண்ணெய் அதன்மேல் படிந்திருக்கிறது. கியர்பாக்ஸைக் கழற்றியதும் எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் பின்புறத்தில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால், சீலை மாற்றாமல் புதுப் பிளேட்டை மாட்டாதீர்கள்.

புதிய கிளட்சைத் தேர்ந்தெடுக்க விளம்பரத்தைவிட எளிய கணக்கு உதவும். அழுத்தும் விசை, உராய்வுக் குணகம், பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் பக்கங்கள் இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால் கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை கிடைக்கும். 11 அங்குலப் பிளேட்டின் சராசரி ஆரத்தை 4.4 அங்குலம் என்றும், அழுத்தும் விசையை 2,000 பவுண்டு என்றும், உராய்வுக் குணகத்தை 0.3 என்றும் கொண்டால் விடை ஏறத்தாழ 440 அடி-பவுண்டு. 1969இல் 300 குதிரைத்திறன் கொண்ட 350 எஞ்சினுக்குத் தொழிற்சாலை அறிவித்த முறுக்குவிசை 380 அடி-பவுண்டு. அக்கால அளவீடு துணைக்கருவிகள் இல்லாமல் எடுக்கப்பட்டது என்பதால் உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவே. ஆகவே தெருவில் ஓடும் வண்டிக்கு நல்ல ஆர்கானிக் பிளேட்டும் டயஃப்ரம் வகைப் பிரஷர் பிளேட்டும் போதும். பந்தயத்துக்கான உலோகப் பிளேட்டை வாங்கினால், ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி உதறிக்கொண்டு கிளம்புவதைத் தவிர வேறு பலன் எதையும் காணமாட்டீர்கள்.

ஐம்பது ஆண்டு கடந்த காரில் எந்தப் பாகம் அசல், எது பின்னாளில் மாற்றப்பட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எண்ணிப் பார்ப்பதே வழி. ஃபிளைவீலின் பற்கள் 153ஆ, 168ஆ என்று எண்ணுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் முன்பகுதி அதற்கேற்ப மாறும், 11 அங்குலக் கிளட்ச் பெரிய ஃபிளைவீலில்தான் அமரும். கியர்பாக்ஸின் முன்தண்டில் உள்ள வரிப்பற்கள் 10ஆ, 26ஆ என்றும் பாருங்கள். எஞ்சினையே யாராவது மாற்றியிருந்தால், அது 1986க்கு முந்தைய இரண்டு துண்டுப் பின் சீல் கொண்டதா, பிந்தைய ஒற்றைச் சீல் கொண்டதா என்பதும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஃபிளைவீல் பொருந்தாது.

இனி வேலை. பேட்டரி இணைப்பை நீக்கி, காரை உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். பழைய மேனிஃபோல்டு போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே ஊற்றி வையுங்கள். உடைந்த போல்ட்டைத் துளையிட்டு எடுக்கும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையையே விழுங்கிவிடும். கியர்பாக்ஸைக் கழற்றினால் எஞ்சினின் பின்பக்கத்துக்குத் தாங்கல் இருக்காது. மரக்கட்டை வைத்து ஆயில் பேன் அடியில் முட்டுக்கொடுங்கள். ஃபிளைவீலை லேத்தில் கொடுத்துச் சமன்செய்து, கியர்பாக்ஸ் முன்தண்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ்ஷைப் புதிதாக இட்டு, பிளேட்டின் எந்த முகம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே மாட்டுங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஃபிளைவீல் போல்ட்டுக்கு 60 அடி-பவுண்டு, பிரஷர் பிளேட்டுக்கு 35 அடி-பவுண்டு என்பது இந்த எஞ்சினுக்கு வழக்கமான அளவு.

கிளட்சை மூடும் உறையான பெல்ஹவுஸிங்கையும் ஃபோர்க்கையும் மாட்டியதும், கியர்பாக்ஸை ஏற்றுவதற்கு முன், ஹெட்டரை அடியிலிருந்து நுழைத்து நாலைந்து போல்ட்டுகளில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இசட்-பாரை அதன் இடத்தில் வைத்து, ஒருவரைப் பெடலை முழுவதுமாக மிதிக்கச் சொல்லி, கம்பிகளோ ஃபோர்க்கோ குழாயில் இடிக்கின்றனவா என்று கீழிருந்து பாருங்கள். ஓட்டத்தில் எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின்மேல் சாயும் என்பதால், நிற்கும்போது விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும். பெல்ஹவுஸிங் போல்ட்டுகளுக்கு ரெஞ்ச் எட்டுகிறதா, பிரேக் குழாயும் ஸ்பார்க் பிளக் வயர்களும் ஒதுங்கியிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டால், பிறகு தலையில் அடித்துக்கொள்ள நேராது.

உங்கள் எஞ்சினுக்கு 1.625 அங்குலக் குழாய் போதும். மேனிஃபோல்டில் சிலிண்டர்களின் புகை ஒன்றன்மேல் ஒன்று மோதுகிறது. ஹெட்டரில் தனித்தனியாக ஓடிப் பின்னரே கூடுவதால், ஒரு சிலிண்டரின் புகை விரைந்து வெளியேறும்போது அடுத்ததன் மிச்சத்தையும் இழுத்துச் செல்கிறது. குழாய் அளவுக்கு மீறிப் பருத்தால் புகையின் வேகம் குறைந்து, அந்த இழுப்பும் குறையும். காற்றோட்டம் கூடுவதால் கார்புரேட்டரின் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து அது மெலிந்துபோகக்கூடும். பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் வரும் துளையான பிரதான ஜெட்டை ஓரிரு அளவு பெரிதாக்குங்கள். சட்டத்தைப் பொறுத்தவரை, கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்குக் கட்டாயப் புகைச் சோதனை இல்லை. ஆனால் சோதனை இல்லை என்பது மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவதற்கு அனுமதி ஆகாது.

கேள்வி: 1968 மஸ்டாங்கில் ஹெட்டர் மாட்டினேன். முடுக்கும்போது டிக், டிக் என்று ஓசை வருகிறது. நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தினால், உடனே ஸ்டார்ட்டர் சுழல மறுக்கிறது. ஆறிய பிறகு சரியாக இயங்குகிறது. ஹெட்டர் குழாயில் வெப்பத் துணி சுற்றினால் தீருமா?

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஓசை பெரும்பாலும் எஞ்சினுக்கும் ஹெட்டருக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் வழியாகப் புகை கசிவதால் வருவது. முதல் சில முறை சூடாகி ஆறும்போது கேஸ்கெட் அமுங்கி, போல்ட்டுகள் தளர்ந்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறிய பின் நடுவிலிருந்து ஓரங்களுக்குப் போகும் வரிசையில் மீண்டும் இறுக்குங்கள். இரண்டு, மூன்று முறை இறுக்கியும் ஓசை நீடித்தால், ஹெட்டரின் போல்ட் தகடான ஃபிளாஞ்ச் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு கொண்ட இரும்புப் பட்டையை வைத்துப் பாருங்கள்.

ஸ்டார்ட்டரின் பிணக்குக்குக் காரணம் அருகே ஓடும் குழாயின் வெப்பம். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 100 டிகிரி ஏறினால் தடை 40 சதவீதம் அதிகமாகிவிடுகிறது. பழைய கேபிளும் துருப்பிடித்த தரை இணைப்பும் சேர்ந்துகொண்டால் மோட்டாருக்குப் போதிய மின்னோட்டம் கிடைக்காது. முதலில் கேபிளையும் தரை இணைப்பையும் புதுப்பியுங்கள். பிறகு வெப்பத் தடுப்புத் தகடு. அதன் பிறகும் தீராவிட்டால் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பல்லிணைப்பு கொண்ட சிறிய ஸ்டார்ட்டர். துணி சுற்றுவதை நான் விரும்புவதில்லை. அது ஈரத்தைத் தேக்கி, சாதாரண எஃகுக் குழாயை உள்ளுக்குள் அரித்துவிடும். செராமிக் பூச்சுக்குச் செலவு அதிகம்தான், ஆனால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: 2013 மஸ்டாங் ஜிடியில் நீளக் குழாய் ஹெட்டர் மாட்டினால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். கிளட்சையும் கூடவே மாற்றலாமா?

பதில்: கன்வெர்ட்டரை நீக்கிவிட்டுச் சாலையில் ஓட்டுவது அமெரிக்கக் கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது, எந்த மாநிலத்திலும் அதற்கு விலக்கு இல்லை. கன்வெர்ட்டரின் இடத்தை மாற்றாத குட்டை ஹெட்டரை, மாநில விதிகளுக்கு உட்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். கலிஃபோர்னியாவாக இருந்தால், மாநிலக் காற்று வள வாரியம் வழங்கிய அனுமதி எண் பொருளின்மேல் இருக்க வேண்டும்.

கிளட்சை மாற்றலாம். உங்கள் வண்டியில் இசட்-பார் கிடையாது; ஹைட்ராலிக் சிலிண்டர் பெல்ஹவுஸிங்குக்குள், முன்தண்டைச் சுற்றி அமர்ந்திருக்கிறது. அது பழுதானால் மறுபடி கியர்பாக்ஸைத்தான் கழற்ற வேண்டும் என்பதால், கிளட்சோடு அதையும் மாற்றி, எண்ணெயில் உள்ள காற்றுக் குமிழிகளை முழுவதுமாக வெளியேற்றிவிடுங்கள்.

கேள்வி: புதிய கிளட்சையும் ஹெட்டரையும் மாட்டிய அன்றே வேகமாக ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. முதல் 500 மைல் நகரத்துக்குள் கியரை அடிக்கடி மாற்றி மிதமாக ஓட்டினால்தான் பிளேட்டின் முகம் ஃபிளைவீலோடு படியும். முதல் தடவை எஞ்சினைக் கிளப்பும்போது ஹெட்டரிலிருந்து புகை எழும். அது பூச்சும் கைபட்ட எண்ணெயும் எரிவது. கால் மணி நேரத்தில் அடங்கிவிடும், அடங்காவிட்டால் மட்டும் எஞ்சினை நிறுத்திவிட்டு, குழாயில் உரசும் வயர் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள்.