டௌன்வாரனில் யார் இருந்தார்கள்?

வணக்கம். நான் ஐடி வேலையில் இருக்கிறேன். இரவில் பிள்ளை தூங்கிய பிறகு கேம் விளையாடுவேன். இப்போது விட்சர் 3 ஓடுகிறது. அதில் விஸ்பரிங் ஹில்லாக் என்று ஒரு குவெஸ்ட். மரத்தடிக் குகையில் அடைபட்டிருக்கும் ஆவியை விடுவித்தால் சதுப்புநிலத்துக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் அன்னா செத்துப்போகிறாள், அவள் கணவன் பாரன் தூக்கு மாட்டிக்கொள்கிறான். ஆவியைக் கொன்றால் அன்னாவுக்குப் புத்தி பேதலிக்கிறது, ஆனால் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், குழந்தைகள் இல்லை. பழைய சேவ் ஃபைலை லோடு செய்து இரண்டு முடிவையும் பார்த்துவிட்டேன். தப்பு செய்த மாதிரி இருக்கிறது. மனசும் ஆறவில்லை. எதுதான் சரி? இது கேம் விளையாடும் வயதா என்று மனைவி கேட்கிறார், அதற்கும் பதில் சொல்லுங்கள். அப்புறம், இதை முடித்ததும் அடுத்த இடமான ஸ்கெல்லிகே தீவுகளுக்குப் போய்விடலாமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன வாரம்தான் என் அக்கா மகன் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து இதே குவெஸ்டை விளையாடினான். முடித்துவிட்டு நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டான். அவனோடு போட்ட சண்டை இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதால் உங்களுக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வயது விஷயத்தை விடுங்கள். சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டு விளையாடுங்கள், உங்கள் மனைவி கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். லோடு செய்து பார்த்ததற்கும் வருந்த வேண்டாம். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று அந்த கேமைச் செய்த கம்பெனிக்காரர்களுக்கு முதல் கேமிலேயே தெரியும். 2007இல் வந்த அந்த முதல் விட்சரில் ராத்திரி ஆற்றங்கரையில் சரக்குப் பெட்டிகளுக்குக் காவல் இருக்கிறோம். எல்ஃப் கலகக்காரர்கள் வந்து கேட்கிறார்கள், பாவம் என்று கொடுத்துவிடுகிறோம். அப்போது ஒன்றும் ஆவதில்லை. அடுத்த அத்தியாயத்தில் விசாரணைக்காகப் பார்க்க வேண்டிய ஒரு ஆள் அம்பு தைத்துச் செத்துக்கிடப்பான். அதற்குள் எத்தனையோ மணி நேரம் விளையாடி முடித்திருப்போம், எந்த சேவுக்குத் திரும்பிப் போவது?

இப்போது திட்ட வேண்டியதைத் திட்டுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அன்னா இருக்கிறாள், பாரன் இருக்கிறான், குழந்தைகள் இருக்கிறார்கள். டௌன்வாரன் எங்கே? ஆவியை விடுவித்தால் அது கறுப்புக் குதிரையாகக் கிளம்பி டௌன்வாரன் கிராமத்தை அழிக்கிறதே, அது ஏன் உங்கள் கணக்கில் ஒரு வரியாகக்கூட வரவில்லை? குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவன் தூக்கில் தொங்கியதற்கு மனசு ஆறவில்லை என்று எழுதுகிறீர்கள், சரி, எனக்கும் அந்தக் காட்சி தொண்டையை அடைத்தது. ஒரு ஊரே செத்துக்கிடப்பது உங்களை ஒன்றும் செய்யவில்லையா? இல்லை, அந்தப் பக்கம் நீங்கள் திரும்பிப் போகவே இல்லையா?

போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். என் அக்கா மகனும் போகவில்லை. அங்கே போய்ப் பார் என்று யாரும் நம்மை விரட்டுவதில்லை. குழந்தைகளிடம் மட்டும் முதலிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள், கண்ணாமூச்சி ஆடவைக்கிறார்கள், ஒவ்வொரு முகமும் மனசில் பதிகிறது. அன்னாவின் கதையை அவள் கணவன் வாயால் மணிக்கணக்கில் கேட்கிறோம். மரத்தடி ஆவிக்குக்கூட நல்ல குரல் இருக்கிறது, பேரம் பேசத் தெரிகிறது. அண்டங்காக்கை இறகு, எலும்புகள், ஒரு காட்டுக்குதிரை கொண்டுவா, குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. டௌன்வாரனில் நமக்கு நினைவிருக்கும்படி பேசுகிறவர் ஊர்ப்பெரியவர் ஒருவர்தான். மற்றவர்கள் விறகு தூக்கிக்கொண்டு குறுக்கே நடப்பார்கள். நம்மிடம் பேசியவர்களைக் காப்பாற்றினோம், பேசாதவர்கள் செத்தார்கள். இதைத்தான் ‘எது சரி’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அக்கா மகன் சொன்னது வேறு. அந்த ஊர்க்காரர்கள் சதுப்பில் இருக்கிற, பிள்ளை தின்னும் சூனியக்கிழவிகளைக் கும்பிடுகிறவர்கள், பிள்ளைகளைச் சதுப்புக்கு அனுப்பியவர்கள், அவர்களுக்கு வேண்டியதுதான் என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்தக் கிராமம் இருக்கும் வெலன் என்ன மாதிரியான இடம் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை ஆண்ட டெமேரியா நாடு விழுந்துவிட்டது, படையெடுத்து வந்த நில்ஃப்கார்ட் பேரரசின் படை பாண்டார் நதிவரை வந்துவிட்டது, மரங்களில் பிணங்கள் தொங்குகின்றன, சோறு கிடையாது, கேட்க நாதி கிடையாது. வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று பிள்ளையைச் சதுப்புக்குப் போகும் பாதையில் அனுப்பிவைக்கிற நிலைமை அது. ஊர்ப்பெரியவர் நம் கண் முன்னாலேயே ஆவித் தொல்லையைத் தீர்ப்பதற்குக் கூலியாகத் தன் காதை அறுத்துக் கொடுக்கிறார், கிழவிகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி. அதைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகும் இவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்கள் என்று எப்படித்தான் தோன்றுகிறதோ!

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்டால், 2015 டிசம்பருக்குப் போக வேண்டும். சென்னை வெள்ளத்தின்போது நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் நாங்கள் சிலர் போன்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டவர் கிடைத்த நேரத்தில் அழைப்பு வரும், விலாசத்தை எக்செல் ஷீட்டில் போடுவோம், படகு வைத்திருந்தவர்களுக்கும் சாப்பாட்டு வண்டிக்காரர்களுக்கும் அனுப்புவோம். கோட்டூர்புரத்திலிருந்து வந்தது, மணப்பாக்கத்திலிருந்து வந்தது. முதல் மாடியில் முதியவர், இன்சுலின் தீர்ந்துவிட்டது, கைக்குழந்தை என்று ஒவ்வொரு குரலும் நெஞ்சைப் பிசையும், ஒன்றுகூடப் பொய் இல்லை. ஷீட் நீண்டுகொண்டே போனது. எங்களோடு இருந்த ஒரு அக்கா, அதிகம் பேசாதவர், காகிதம் ஒன்றை எடுத்து அடையாற்றைக் கோடாக இழுத்து, வந்த அழைப்புகளை அதன் இரண்டு பக்கமும் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பிறகு, ‘எங்கேருந்து போன் வரலைன்னு பாருங்க’ என்றார். சைதாப்பேட்டையிலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் கரையோரமாக இருந்த குடிசைகளிலிருந்து ஒரு புள்ளிகூட இல்லை. அங்கே வீடே போய்விட்டது, சார்ஜ் உள்ள போன் யாரிடம் இருக்கும்? அடுத்து வந்த சாப்பாட்டு வண்டி எந்த அழைப்பும் வராத அந்தத் தெருக்களுக்குப் போனது. அதற்கும் எங்களுக்குள் சண்டைதான். கூப்பிட்டவர்களை விட்டுவிட்டுக் கூப்பிடாதவர்களிடம் எப்படிப் போவது என்று ஒருவர் கடைசிவரை சமாதானமாகவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நேர்மையாகச் சொன்னால், நான் அந்த ஆவியைக் கொன்றேன். பேசத் தெரிந்த எதையும் நான் சுலபத்தில் நம்புவதில்லை. காட்டுக்குள் போனவர்கள் செத்தார்கள் என்று ஊர் சொல்கிறது, அதை ஆவி மறுக்கும் விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகளைக் கொன்னுட்டீங்க மாமா என்று அக்கா மகன் கத்தினான். ஆமாம், அவர்கள் போனார்கள், அது எனக்குத் தெரியும். அவனுக்கு டௌன்வாரன் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான், அவனைவிட நான் நல்லவன் என்று சொல்லவரவில்லை.

2008இல் வந்த ஃபால்அவுட் 3 விளையாடியிருக்கிறீர்களா? அதில் டென்பென்னி டவர் என்று ஒரு பணக்காரக் கோபுரம், கதிர்வீச்சில் உருக்குலைந்த கூல்களை உள்ளே விட மாட்டார்கள். துப்பாக்கியைத் தொடாமல் பேசிச் சமாதானம் செய்து எல்லோரையும் ஒன்றாகக் குடிவைக்கலாம், நல்ல கர்மா, அதாவது கேம் நம் நல்லது கெட்டதுக்குப் போடும் மார்க், கிடைக்கும், நெஞ்சு நிமிர்ந்துவிடும். சில நாள் கழித்துப் போனால் மனிதர்கள் எல்லோரும் அடித்தளத்தில் பிணமாகக் கிடப்பார்கள். கோபத்தில் அந்தக் கூல் தலைவனைச் சுட்டால் கர்மா குறைகிறது! இதைப் பற்றிப் பேசினால் பலர், நான் பண்ணும்போது நல்லபடியாகத்தான் முடிந்தது என்பார்கள். திரும்பிப் போய்ப் பார்க்காதவர்கள். விட்சரில் அந்த மார்க் போடும் மீட்டர் இல்லை, எனக்கு அதனாலேயே அதைப் பிடிக்கும்.

உங்களுக்கு ஒரு வேலை. ஆவியை விடுவித்த சேவ் ஃபைலை லோடு செய்யுங்கள். எதையும் மாற்ற வேண்டாம், யூடியூப் வேண்டாம். டௌன்வாரனுக்கு நடந்து போய், இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் எட்டிப் பாருங்கள். அதற்கு அப்புறமும் குழந்தைகளை விடுவித்ததுதான் சரி என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள், நிச்சயமாக மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தில் ஊர்ப்பெரியவரின் காதைப் பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

ஸ்கெல்லிகே கேட்டீர்களே, அவசரப்படாதீர்கள். லெவல் 16 ஆகட்டும். கப்பல்காரன் 1000 கிரவுன் கேட்பான், கண்ட கவசத்தையெல்லாம் வாங்கிக் காசைத் தீர்த்துவிடாதீர்கள்.