22 வருசப் பழக்கம், 9 சதவீத வட்டி

கே: அண்ணாச்சி, 22 வருசமா ஒரே வங்கியில் சம்பளக் கணக்கு. 2017-ல் அங்கேயே மாறும் வட்டியில் வீட்டுக்கடன். ஒரு தவணை தவறியதில்லை. இன்னும் 20 லட்சம், 15 வருசம் பாக்கி. எனக்கு 9 சதவீதம். போன மாதம் அதே கிளையில் கடன் எடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு 8. பழைய வாடிக்கையாளருக்குச் சலுகையே கிடையாதா?
(ஆசிரியர், பாளையங்கோட்டை)

ப: கிடையாது. புது ஆளைப் பிடிக்கத்தான் வட்டியைக் குறைப்பார்கள். நீங்கள்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்களே. வருசத்துக்கு ஒரு காலண்டர் கிடைக்கும்.

2017 கடன் என்றால் அநேகமாக எம்.சி.எல்.ஆர். முறையில், அதாவது வங்கி தன் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் அடிப்படை வட்டியில் இருக்கும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடுதான் இணைய வேண்டும். பழைய கடன்காரர் கேட்டால் அதற்கு மாற்றித் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதி. மாறும்போது, அதே வகை, அதே தொகை, அதே காலத்துக்குப் புதிதாகக் கடன் வாங்குபவருக்கு என்ன வட்டியோ அதுவே உங்களுக்கும். நியாயமான நிர்வாகச் செலவு தவிர வேறு கட்டணம் கூடாது. ஆனால் கேட்டால்தான் நடக்கும். கவுன்ட்டரில் நின்று வாயால் கேட்காதீர்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

9 சதவீதம் 8 ஆனால் தவணை 20,285 ரூபாயிலிருந்து 19,113 ஆகும். தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பழைய தொகையையே கட்டினால் கடன் சுமார் 19 மாதம் முன்னதாக முடியும்.

ஏற்கெனவே ரெப்போ கடனில் இருப்பவர்கள் பாடுதான் கஷ்டம். ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் வட்டியை (ஸ்பிரெட்) 3 வருசத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும் என்று கையை விரிப்பார்கள். 2025 அக்டோபர் 1 முதல் அதற்கு முன்பே குறைத்துத் தர வங்கிக்கு அனுமதி உண்டு. கட்டாயம் இல்லை. அதனால் குறைந்த வட்டியில் கடன் தரச் சம்மதிக்கும் வேறு வங்கியின் சாங்ஷன் லெட்டரை மேசைமேல் வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

கே: மேனேஜர் என் சித்தப்பா மகனுக்கு ரொம்பப் பழக்கம். வட்டியைக் குறைப்பாரா? (வள்ளியூர்)

ப: காபி வாங்கித் தருவார்.

கே: 3 லட்சம்தான் பாக்கி, 2 வருசத்தில் முடியும். கால் சதவீதம் குறைவு என்று போன் வந்ததால் வேறு வங்கிக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டேன். இப்போது பிராசஸிங், வக்கீல், மதிப்பீடு, எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான ஆவணம்) பதிவு என்று 14,000 கேட்கிறார்கள். (பேட்டை)

ப: 800 ரூபாய் சொச்சம் மட்டுமே மிச்சமாகும் இடத்தில் 14,000 செலவு. கையெழுத்துக்கு முன்னால் கால்குலேட்டரைத் தேடியிருக்க வேண்டும். வட்டியின் பெரும்பங்கு கடனின் முதல் பாதியிலேயே போய்விடும். கடைசியில் மாற்றி என்ன லாபம்? பணம் இன்னும் கைமாறவில்லை என்றால் இன்றே எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள்.

கே: 25 லட்சம் கடனோடு 1,20,000 ரூபாய்க்கு ஒற்றைப் பிரீமிய இன்சூரன்ஸைச் சேர்த்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் கடன் இல்லை என்றார்கள். பாலிசி வந்து பத்து நாள் ஆகிறது. (வாழைக்காய் வியாபாரி, களக்காடு)

ப: உங்கள் தப்பு இல்லை. பணத்துக்கு அவசரம் என்று தெரிந்துதான் அந்தத் தாளை நடுவில் செருகுகிறார்கள். நானும் ஒருமுறை படிக்காமல் கையெழுத்துப் போட்டவன்; அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அந்த 1,20,000 கடனிலேயே ஏறுவதால் அதற்கும் வட்டி. எட்டரை சதவீதத்தில் 20 வருசம் கட்டினால் அது இரண்டரை லட்சம். ஆயுள் காப்பீடு வேண்டுமா, தனியாக டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி) எடுங்கள். வருசா வருசம் கட்டலாம், கடன் வேறு வங்கிக்குப் போனாலும் பாலிசி உங்களிடமே இருக்கும்.

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் ரத்து செய்ய உரிமை உண்டு. உங்களுக்கு இன்னும் 20 நாள் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுதுங்கள், வங்கிக்கு நகல் மட்டும். சிறு பிடித்தம் போக மீதி வரும். அதைக் கடன் அசலில் கழிக்கச் சொல்லுங்கள். வங்கி தகராறு செய்தால் எழுத்தில் புகார்; 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள்.

கே: கடனை முழுசா அடைத்து 50 நாள் ஆச்சு. பத்திரம் சென்னையிலிருந்து வரணுமாம். (அம்பாசமுத்திரம்)

ப: 30 நாளுக்குள் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் அதற்கு மேல் நாளுக்கு 5,000 ரூபாய். இன்றைய கணக்கில் ஒரு லட்சம். எழுதிக் கேளுங்கள். பத்திரம் வந்ததும் எம்.ஓ.டி. ரத்து ரசீது பதிவாகிவிட்டதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.