பாய்ப்படகு பழகும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

என் மகனுக்கு 11 வயது. தண்ணீருக்குப் பயந்தவன். பாய்ப்படகு பழகினால் பயம் தெளியும் என்கிறார்கள். அனுப்பலாமா?
– ஒரு தாய், குருநகர்

அனுப்பலாம். ஆனால் முதலில் நீச்சல். உடுப்போடு 50 மீற்றர் நீந்தவும், உயிர்காப்பு அங்கியோடு ஐந்து நிமிடம் பதறாமல் மிதக்கவும் வரட்டும். அங்கியைப் பூட்டியபின் தோள்பட்டியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கி நாடிக்கு (முகவாய்க்கு) மேல் ஏறினால் அது பெரிது. வளர்ந்த பிறகும் போடலாம் என்று ஒரு அளவு கூட்டி வாங்குவது சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது.

படகு கவிழ்ந்து, அதைத் தானே நிமிர்த்திய பிறகுதான் பிள்ளைக்குப் பயம் தெளியும். ஆகவே கவிழ்ப்பதை முதல் நாளே வேண்டுமென்று செய்து பழக்க வேண்டும். சிறுவர்கள் பழகும் ஒப்ரிமிஸ்ட் படகு 2.3 மீற்றர் நீளம், பாய், மரம் இல்லாத வெறும் படகு 35 கிலோ, ஓட்டுவது ஒரே ஆள், 15 வயது வரைக்கும். சரிந்ததும் பாய்க்கயிற்றை விட்டுவிட வேண்டும். நீந்தி அடிப்பக்கம் வந்து, நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடித்துத் தொங்கினால் படகு மெல்ல நிமிரும். பிறகு ஏறி, வாளியால் தண்ணீரை இறைக்கலாம்.

கயிற்றை விடாமல் பிடித்திருந்தால் நிமிர்ந்த பாய் உடனே காற்றைப் பிடித்து, படகு மறுபடி கவிழும். நடுப்பலகையைக் கட்டி வைக்காவிட்டால் அது நழுவிப்போகும். பிறகு தொங்குவதற்கு ஒன்றும் இராது. வாளிக்கும் அதே கதிதான். எல்லாவற்றிலும் பெரிய பிழை, படகை விட்டுக் கரைக்கு நீந்துவது. கவிழ்ந்த படகு மிதக்கும், தூரத்திலிருந்தும் தெரியும். தண்ணீரில் ஒரு தலை தெரியாது.

எங்கள் யாழ்ப்பாணக் கடனீரேரியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். படகு தலைகீழானால் பாய்மரம் சேற்றில் குத்தி நிற்கும். அந்த நேரம் பலகையில் தொங்கி உலுக்கினால் மரம் வளையும். பெரியவர் ஒருவர் இறங்கி, அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, காற்றுக்கு நேரே திருப்பி மெல்லச் சரிக்க வேண்டும். சேற்றில் சிப்பியும் திருக்கையும் கிடக்கும். பழைய சப்பாத்துப் போட்டு, காலைத் தூக்கி வைக்காமல் அரக்கி நடக்கப் பழக்குங்கள்.

விடுமுறையில் மாணவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடத்த எண்ணம். தலைமைத்துவத்தை இதில் எப்படிச் சேர்ப்பது?
– ஆசிரியர், வட்டுக்கோட்டை

தலைமைத்துவப் பேச்சு ஒன்றும் வைக்க வேண்டாம். வேலையைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். படகின் வடிகால் அடைப்பு இறுக்கமா, மூன்று காற்றுப்பைகளும் ஊதியிருக்கிறதா, பாய்மரத்தின் அடி கட்டியிருக்கிறதா என்று அந்தப் பிள்ளையே பார்க்கட்டும். மரம் கட்டப்படாவிட்டால் கவிழும்போது கழன்று, அது நிற்கும் குழியையே உடைத்துவிடும். நீங்கள் பின்னால் பாருங்கள். பிழை கண்டால் "இன்னொருக்காப் பார்" என்று மட்டும் சொல்லுங்கள், இடத்தைக் காட்டாதீர்கள்.

சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். இது கைக்குப் படியும்வரை படகை மணலில் வைத்தே பழக்கலாம். பிறகு காற்றுக்குக் குறுக்காக, 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு மிதவைகள் போட்டு, அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் ஓடட்டும். காற்றை எதிர்த்து ஓடுவது மூன்றாம் நாளுக்குப் பிறகு. காற்று மணிக்கு 18 கிலோமீற்றரைத் தாண்டினால் புதியவர்களை இறக்காதீர்கள். தண்ணீரில் வெண்நுரை பரவலாகத் தெரிந்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

கடினமான பாடம் பாதுகாப்பு வள்ளத்தில் இருக்கும் பெரியவருக்குத்தான். "இழு, விடு" என்று அவர் கத்திக்கொண்டிருந்தால் பிள்ளை காற்றைப் பார்க்காது, அவருடைய வாயைப் பார்க்கும். ஆபத்து இல்லையென்றால் பொறுத்திருக்கட்டும். விசில் ஒரு நீள ஊதல் என்றால் எல்லோரும் கரைக்கு, அது போதும். தண்ணீரில் ஆள் இருக்கும்போது கிட்டப் போனால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

தண்ணீரில் வந்த துணிவு தானாக வகுப்பறைக்கு வந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். கரையேறியதும் உட்கார வைத்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது, நாளைக்கு எதை மாற்றுவாய் என்று கேளுங்கள். வாய் திறக்காத பிள்ளையிடம் அடுத்த நாள் காற்றின் திசையை மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பைக் கொடுங்கள்.

எந்த மாதம் தோது?
– வாசகர், காரைநகர்

மாசி முதல் சித்திரை வரை. சோளகம் (தென்மேற்குக் காற்று) எழுந்துவிட்டால் புதியவர்களுக்குக் கடினம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழையும் தாழமுக்கமும். எந்த மாதமானாலும் காற்று கரையிலிருந்து வெளியே அடிக்கும் நாளில் இறக்க வேண்டாம். இடத்தைத் தெரிவுசெய்யுமுன் அந்தப் பகுதிக் கடற்றொழிலாளர் சங்கத்தோடு பேசுங்கள். தடி நட்டுக் கட்டும் சிறகு வலை எங்கே நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நடுப்பலகை வலையில் மாட்டினால் படகுக்கும் நட்டம், வலைக்காரருக்கும் நட்டம்.

எனக்கு 16 வயது. அப்பாவின் பைபர் வள்ளத்தில் பாய் கட்டிப் பழகலாமா?
– மாணவன், வேலணை

வேண்டாம் தம்பி. அந்த வள்ளத்துக்கு நடுப்பலகை இல்லை. காற்றோடு போகும், திரும்பி வர முயன்றால் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டே போகும். வல்வெட்டித்துறை மாலுமிகள் 1938இல் அன்னபூரணியை அமெரிக்காவின் குளோஸ்டர் வரை கொண்டுபோனது உண்மைதான். ஆனால் அது பாய்க்கென்றே கட்டிய கப்பல். இப்போதைக்கு முடிச்சுகளைப் பழகுங்கள். பயிற்சி நடத்துபவர்கள் யாராவது இருந்தால், பாதுகாப்பு வள்ளத்துக்கு ஆள் தேவையா என்று கேளுங்கள். எஞ்சின் தெரிந்த பெடியனை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அங்கிருந்தபடியே காற்றைப் படிக்கவும் வரும்.