அப்பாவின் தலையணை உறை

அன்புள்ள டாக்டர்,

அப்பாவுக்கு 67 வயது. ஒரு வருஷமாகத் தூக்கத்தில் எச்சில் வடிந்து தலையணை உறை நனைந்துவிடுகிறது. குரலும் இறங்கிவிட்டது. போனில் 'என்னப்பா?' என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. பல்செட் தளர்ந்ததால்தான் என்கிறார் அம்மா. எச்சிலை வைத்தே பார்க்கின்சன் நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். அந்த டெஸ்ட்டை எங்கே எடுப்பது?

ச., நெல்லை

அன்புள்ள ச.,

லேப் தேடி அலைய வேண்டாம். நம்பி முடிவெடுக்கும் அளவுக்கு அந்த டெஸ்ட் இன்னும் தேறவில்லை. ஆனால் உங்கள் சந்தேகத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோதே எச்சில் வடிவதையும் குறித்திருக்கிறார். எச்சில் கூடுதலாகச் சுரப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். சுரப்பு கூடுவதில்லை, சிலருக்குக் குறையவே செய்யும். நம்மை அறியாமல் நாம் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருக்கிறோம் இல்லையா, அது குறைந்துபோகிறது. எச்சில் வாயிலேயே தேங்கி வழிகிறது.

பல்செட் சரிசெய்ய என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். மணி பதினொன்று இருக்கும். செட்டைக் கழற்றினால், காலையில் சாப்பிட்ட இட்லி இடது கன்னத்துக்குள் அப்படியே ஒதுங்கியிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. கையில் இருந்த கைக்குட்டை ஈரமாக இருந்தது. நான் செட்டை இறுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு நரம்பியல் மருத்துவர்தான் அது பார்க்கின்சன் என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் அந்த இட்லி என் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் படித்ததில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த நோயில் மூளையில் திரண்டு படிகிற ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் படிகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில், நோய் தொடங்கி ஐந்து வருஷத்துக்குள் இருந்தவர்களின் தாடைக்குக் கீழே உள்ள சுரப்பியிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் வந்த அந்த ஆய்வில் 19 நோயாளிகளில் 14 பேரிடம் அது இருந்தது. நோயில்லாத 9 பேரில் 2 பேரிடமும் இருந்தது. ஐந்து பேரைத் தவறவிட்டு இரண்டு பேரை வீணாகப் பயமுறுத்தும் சோதனை அது. அதை வைத்து உங்கள் அப்பாவுக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அதைவிட, அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா, கன்னத்தில் சோறு தங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம், இந்த நோயின் மற்ற அடையாளங்களையும் கவனியுங்கள்: நடக்கும்போது ஒரு கை வீசாமல் நிற்கிறதா, தாளிக்கிற வாசனை தெரியாமல் போகிறதா என்று. புரையேறினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

ஒருக்களித்துப் படுத்தாலும், மூக்கடைத்தாலும், சில மாத்திரைகளாலும்கூட எச்சில் வடியும். அதனால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைச் சீட்டையும், அப்பா பத்து வருஷம் முன்பு கையெழுத்துப் போட்ட ஏதாவது ஒரு தாளையும் எடுத்துப் போங்கள். இந்த நோயில் எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மருத்துவருக்கே தெரிந்துவிடும்.